புது வண்டியின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புதிதாக வாங்கிய மோட்டார் வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது நாடெங்கும் வழங்கும் அறிவுரை. வண்டியை ஒப்படைக்கும் விற்பனையாளர் இதனைச் சொல்கின்றார்; பட்டறை மேஸ்திரியும் சொல்கின்றார்; வண்டியே வைத்திராத அண்டை வீட்டாரும் தவறாமல் சொல்கின்றனர். காரணம் யாது என்று வினவினால் மட்டும், "எஞ்சின் இன்னும் பழகவில்லை" என்பதோடு பேச்சு நின்றுவிடுகின்றது. காரணம் அறியாது கைக்கொள்ளும் விதி, அது பிறந்த சூழ்நிலை மாறியபின் நன்மைக்குப் பதில் தீமை செய்வதுண்டு. பெங்களூரின் இன்றைய சாலைகளில் இந்த விதி அந்த நிலைக்கு வந்துவிட்டது என்பது என் கருத்து. துறை வண்டிகளைப் பொறுப்பேற்கும் களப்பணியாளர்களும், உராய்வைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடைத்து.

எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகின்றது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். பிஸ்டனுக்கும் உருளையின் சுவருக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. பிஸ்டனைச் சுற்றி வெட்டிய பள்ளங்களில் பொருந்தியுள்ள வளையங்களே அந்த இடைவெளியை அடைக்கின்றன. மேல் வளையங்கள் எரிந்த வாயுவைக் கீழே நழுவவிடாமல் காக்கின்றன. அடிவளையம் சுவரில் படிந்த எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புகின்றது. எஞ்சினைப் 'பழக்குதல்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த வளையங்களும் அந்தச் சுவரும் ஒன்றோடொன்று இசைந்து பொருந்தும் செயலையே குறிக்கும்.

உருளைச் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. துளையைக் கடைந்து முடித்தபின், சாணைக்கற்கள் பொருத்திய கருவியொன்றை உள்ளே சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இயக்கி, ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே உண்டாக்குகின்றனர். பட்டறைகளில் ஹோனிங் என்று வழங்கும் வேலை இதுவே. கீறல்களின் ஆழம் மைக்ரான் கணக்கில் அளக்கப்படுவது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். நம் தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான் என்று அறிந்தால் அந்த நுண்மை விளங்கும்.

அம்மி கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதன் நோக்கத்தை விளக்க வேண்டியதில்லை. தேய்ந்து வழுவழுத்துப்போன அம்மியில் மிளகாய் வழுக்குமேயன்றி அரைபடாது. உளியால் கொத்தினால் மேடும் பள்ளமும் உண்டாகும். ஆனால் கொத்திய அன்றே துவையல் அரைத்தால் வாயில் கல் நறநறக்கும். ஆகவே தவிட்டையோ சிறிது அரிசியையோ முதலில் அரைத்துக் கழுவிக் கொட்டுவது நம் வீடுகளின் வழக்கம். கூரிய முனைகள் உதிர்ந்து மேடுகள் தட்டையாகும். பள்ளங்கள் மட்டும் நிலைத்து நிற்கும். புது எஞ்சினிலும் நிகழ்வது இதுவே. கீறல்களின் முனைகள் தேய்ந்து தட்டையாகி வளையத்தைத் தாங்குகின்றன. எஞ்சிய பள்ளங்கள் மசகெண்ணெயைத் தேக்கி வைக்கின்றன. உதிர்ந்த உலோகத்தூள் எண்ணெயில் கலந்து வடிகட்டியைச் சேர்கின்றது.

இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று அமரும்போது, மெய்யாகவே தொட்டுக்கொள்ளும் இடம், தொடுவதாகத் தோன்றும் பரப்பில் மிகச் சிறு பகுதியே என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பௌடனும் டேபரும் தங்கள் ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினர். உராய்வைப் பற்றிய அவர்களது நூல் 1950இல் வெளிவந்தது. முழுப் பாரமும் சில முனைகளின்மேல் விழுவதால், அந்த முனைகளில் வெப்பமும் அழுத்தமும் மிகுகின்றன. முதல் நாளிலேயே எஞ்சினை உச்சவேகத்தில் விரட்டினால், சில இடங்களில் எண்ணெய்ப்படலம் கிழிந்து உலோகம் உலோகத்தோடு ஒட்டிப் பிய்ந்துவரும் அபாயம் இருப்பது இதனால்தான். இந்த அளவில் பழைய அறிவுரை சரியானதே.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதனை யாரும் சொல்வதில்லை. வளையம் தன் சொந்த விறைப்பினால் சுவரை அழுத்தும் அழுத்தம் சிறிது. எரிபொருள் எரியும் கணத்தில், உயரழுத்த வாயு வளையத்தின் பின்புறத்தில் புகுந்து அதனை வெளிப்புறமாகத் தள்ளுகின்றது. அந்த அழுத்தமே பெரிது. சுமை மிகுந்தால் உருளைக்குள் எரியும் கலவை மிகும். வாயுவின் அழுத்தம் மிகும். வளையமும் சுவரில் நன்கு பதியும். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தாலோ, நின்ற இடத்தில் எஞ்சின் சும்மா ஓடினாலோ, வளையத்தைத் தள்ளுவதற்குப் போதிய அழுத்தம் இராது. அப்போது சுவரில் எண்ணெய் தேவைக்கு மேல் தங்குகின்றது. வெப்பத்தில் அது தீய்ந்து, வார்னிஷ்போல் இறுகி, கீறல்களை அடைத்துக்கொள்கின்றது. மெருகேறிவிட்ட அத்தகைய சுவரில் வளையம் அதன்பின் எளிதில் பதிவதில்லை. எண்ணெய் மேலேறி எரிகின்றது. "வண்டி ஆயில் குடிக்கிறது" என்று ஓட்டுநர் குறைகூறுகின்றார். நிலை முற்றிவிட்டால், எஞ்சினைப் பிரித்து மறுபடி ஹோனிங் செய்வதன்றி வேறு எளிய வழி இல்லை.

விமானத் துறையினர் இதனை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை வடிவமைத்து 1958இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட 'புஷ்பக்' என்னும் சிறு விமானத்தில், காற்றினால் குளிரும் காண்டினென்டல் பிஸ்டன் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. நாட்டின் பல விமானச் சங்கங்களில் மாணவர்கள் அவ்விமானத்தில் பறக்கப் பயின்றனர். இந்த இனத்தைச் சேர்ந்த எஞ்சின்களைப் புதிதாகப் பொருத்தியபின் தரையில் நெடுநேரம் சும்மா ஓடவிடலாகாது என்பது பொதுவிதி. விமானம் மேலே ஏறியதும் முழுச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை செலுத்திப் பறக்க வேண்டும். எண்ணெய்ச் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை கலப்பு மிகாத சாதாரண மினரல் எண்ணெயைப் பயன்படுத்த வேண்டும் என்றும் எஞ்சின் செய்வோர் பல வகைகளுக்குக் கூறுகின்றனர். தண்ணீரால் குளிரும் கார் எஞ்சினுக்கு இதனை அப்படியே பெயர்த்துக்கொள்வது பொருந்தாது. ஆயினும் ஓர் உண்மை புலனாகின்றது: வளையம் பதிவதற்குச் சுமை வேண்டும்.

அங்ஙனமாயின் 'மெதுவாக ஓட்டு' என்ற விதி எங்கிருந்து வந்தது? அம்பாசடரும் பியட்டும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஓடிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். உருளைகளைக் கடையும் இயந்திரங்களும் எண்ணெயில் சேர்க்கும் இரசாயனப் பொருள்களும் இன்றுள்ள அளவுக்கு முன்னேறாத காலம் அது. முதல் 500 மைலுக்கு மணிக்கு 30 மைலைத் தாண்டலாகாது என்பது போன்ற கட்டளைகள் அன்று நியாயமானவை. இங்கிலாந்தில் புது வண்டிக்காரர்கள், 'எஞ்சின் பழகுகின்றது, முந்திச் செல்லுங்கள்' என்னும் பொருள்பட ஓர் அட்டையையே பின்கண்ணாடியில் ஒட்டிவைத்தனர். 1961இல் மைசூரில் ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள்கள் உற்பத்தியாகத் தொடங்கியபின், அவற்றை வாங்கியவர்களும் இவ்வாறே நடந்துகொண்டனர். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஓட்டும் அந்த இருவீச்சு எஞ்சின்கள் அதிகச் சூடேறினால் பிஸ்டன் உருளையிலேயே பிடித்துக்கொள்ளும்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. மணிக்கு 30 மைல் என்பது அன்றைய வண்டியின் உச்சவேகத்தில் ஏறக்குறையப் பாதி. காலியான சாலையில், மேல் கியரில், அந்த வேகத்தில் செல்லும் எஞ்சின் போதிய சுமையை இழுத்துக்கொண்டே இருந்தது. ஊருக்கு ஊர் ஏற்ற இறக்கமும் இருந்தது. ஆகவே அன்று மெதுவாக ஓட்டியவர், தாம் அறியாமலே, மிதமான சுமையில் ஓட்டினார். இன்று பெங்களூரில் மெதுவாக ஓட்டுபவர் அவ்வாறு ஓட்டுவதில்லை. பெரும்பகுதி நேரம் நின்றுகொண்டிருக்கின்றார்.

டாம்டாம் என்னும் நிறுவனம் 416 நகரங்களை ஒப்பிட்டு வெளியிட்ட 2019ஆம் ஆண்டுக் கணக்கில், சாலை நெரிசலில் பெங்களூர் முதலிடம் பெற்றது. தடையற்ற சாலையில் ஆகும் நேரத்தைவிட இங்கே பயணத்திற்குச் சராசரியாக 71 சதவீதம் மிகுதியாக ஆயிற்று. சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பாள் மேம்பாலத்திலும் நின்று பழகியவர்கள் இதற்குச் சான்று கேட்கமாட்டார்கள்.

இதனை ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு கணக்காகவே போடலாம். நகரத்துக்குள் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றும், நின்றும் நகர்ந்தும் செல்லும் எஞ்சினின் சராசரிச் சுழற்சி நிமிடத்திற்கு 1,300 என்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 50 மணி நேரம். எஞ்சின் 39 இலட்சம் சுற்றுகள் சுற்றியிருக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர், நிமிடத்திற்கு 2,500 சுற்று என்று கொண்டால், அதே தூரத்திற்குப் பன்னிரண்டரை மணி நேரமும் 18 இலட்சத்து 75 ஆயிரம் சுற்றுகளுமே ஆகும். அளவுமானி இரண்டிலும் ஒரே ஆயிரத்தைத்தான் காட்டும். நகரத்து எஞ்சின் இருமடங்குக்கு மேல் சுற்றியும், வளையம் பதிவதற்கு வேண்டிய சுமையை மிகக் குறைவாகவே கண்டிருக்கும். கிலோமீட்டர் என்னும் அளவுகோல் இந்நகரில் பொய்க்கின்றது என்று நான் கூறுவது இதனாலேயே. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெங்களூரில் காற்றின் அழுத்தம் சென்னையினதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் இங்கே உள்ளிழுக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும். இது சிறு செய்தியே. எனினும் இதுவும் சுமையைக் குறைக்கும் பக்கமாகவே நிற்கின்றது.

இன்றைய எஞ்சின்கள் பழையவற்றைவிடப் பன்மடங்கு செப்பமானவை என்பதை மறுப்பதற்கில்லை. கீறல்களின் முனைகளைத் தொழிற்சாலையிலேயே தட்டையாக்கும் ஹோனிங் முறை பரவலாகிவிட்டது. தவிட்டை அரைத்துக் கொட்டும் வேலையில் பெரும்பகுதி வண்டி நம் கைக்கு வருமுன்பே முடிந்துவிடுகின்றது. எனவே நெரிசலில் ஓடிய ஒவ்வொரு புது வண்டியும் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குறுந்தூர ஓட்டத்தின் தீமைகள் வளையங்களோடு நிற்பதில்லை. குளிர்நீர் சூடேறிய பின்னும் மசகெண்ணெய் சூடேறச் சிறிது நேரம் பிடிக்கும். மூன்று கிலோமீட்டர் சென்று நிறுத்திவிடும் வண்டியில், எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலந்து தங்குகின்றன. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களின் புகைபோக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி சேர்ந்துள்ளது. அது தன்னைத்தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளப் போதிய சூடு வேண்டும். ஊர்ந்து செல்லும் வண்டியில் அந்தச் சூடு எளிதில் கிடைப்பதில்லை.

வண்டியோடு வரும் கைநூல்களைப் பொறுமையாகப் படித்தால் ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. முதல் ஆயிரம் கிலோமீட்டரைப் பற்றிப் பெரும்பாலான நூல்கள் கூறும் அறிவுரையில் பல பகுதிகள் உண்டு. எஞ்சினை மிகைவேகத்தில் சுழற்றலாகாது. திடீரென ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கலாகாது. இவ்விரண்டும் மக்கள் வாயில் வழங்குகின்றன. நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டலாகாது, நெடுநேரம் நின்ற இடத்தில் ஓடவிடலாகாது என்பன போன்ற ஏனைய பகுதிகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. நூலின் கடைசிப் பக்கங்களில், கடினமான பயன்பாட்டுக்கு உரிய எண்ணெய் மாற்று அட்டவணை ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். கடினமான பயன்பாடு என்றதும் பாலைவனமும் மலைப்பாதையும் நினைவுக்கு வரும். ஆனால் அடிக்கடி குறுந்தூரம் செல்வதும், நின்று நின்று செல்லும் நெரிசலும் அந்தப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. அதன்படி பார்த்தால், பெங்களூரில் அலுவலகம் சென்று திரும்பும் சாதுவான கார் ஒவ்வொன்றும் கடினப் பயன்பாட்டில் உள்ள வண்டியே.

செய்ய வேண்டுவது யாது? முதல் சில வாரங்களுக்குள் இரண்டு மூன்று விடியற்காலைகளையேனும் புது வண்டிக்கென ஒதுக்க வேண்டும். ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் சாலை இதற்கு மிகவும் ஏற்றது. சூளகிரியைக் கடந்தபின் சாலை பீடபூமியிலிருந்து கீழே இறங்குகின்றது. திரும்பும்போது அதே சாலையில் ஏற வேண்டும். ஏறும்போது எஞ்சின் இழுக்கின்றது, வளையங்கள் பதிகின்றன. ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரிலேயே இறங்கும்போது உருளைக்குள் வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் மேலே இழுக்கப்பட்டுச் சுவரைக் குளிரச் செய்கின்றது. எண்ணெய் சூடேறும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் மென்மையாகச் சென்று, பிறகு வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால் போதும். மிகக் குறைந்த வேகத்தில் மேல் கியரைப் போட்டு எஞ்சினைத் திணறவைப்பது கூடாது. 2023 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட மைசூர் விரைவுச் சாலையில் செல்வோர், ஒரே வேகத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லும் ஆசையை அடக்கிக்கொண்டு, இடையிடையே வேகத்தை மாற்றுதல் நன்று.

வாங்கிய நாளே எஞ்சினை விரட்டினால்தான் அது 'திறந்துகொள்ளும்' என்று கூறும் இளைஞர்களும் உண்டு. சுமை வேண்டும் என்பதில் அவர்கள் பாதி உண்மையைப் பிடித்துவிட்டனர். மறுபாதியைப் பிரேக்கும் டயரும் அவர்களுக்குக் கற்பிக்கலாம். புது டயரின் மேற்பரப்பில் வார்ப்பின்போது படிந்த வழவழப்பு நீங்கும்வரை பிடிப்புக் குறைவு. புதுப் பிரேக் கட்டைகள் தட்டோடு பொருந்தும்வரை வண்டி நிற்கும் தூரம் சற்றுக் கூடும். எஞ்சினே இல்லாத மின்சார வண்டிக்கும் இவ்விரண்டு எச்சரிக்கைகளும் உரியன. இந்தியாவில் மின்சாரக் காரை 2001இல் சந்தைக்குக் கொண்டுவந்த ரேவா நிறுவனம் பெங்களூரிலேயே தோன்றியது. வளையமும் உருளையும் இல்லாத அவ்வகை வண்டிகள் பெருகினால், இந்தக் கட்டுரையில் பெரும்பகுதிக்கு வேலை இராது.

இனி மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். ஆங்கிலக் கைநூல்கள் புது வண்டிக்குக் கேட்பது மிதமான ஓட்டத்தை. மிதம் என்பதற்கு மேல் எல்லையும் உண்டு, கீழ் எல்லையும் உண்டு. அதனை வாய்மொழியாகச் சொல்பவர்கள் 'மெதுவாக' என்று ஆக்கிவிட்டனர். மெதுவுக்குக் கீழ் எல்லை இல்லை. எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்று கேட்பவர் பொருள்கொள்கின்றார். ஓரெழுத்துப் பிழைபோல் தோன்றும் இந்த மாற்றத்தால் எண்ணெய் குடிக்கும் எஞ்சின்கள் உண்டாகின்றன. 'பழக்குதல்' என்ற சொல்லிலும் குறையில்லை. காளையையும் பழக்குகின்றோம், தோசைக்கல்லையும் பழக்குகின்றோம். பாரமே ஏற்றாமல் பழக்கிய காளை வண்டிக்கு உதவாது. சூடே காட்டாமல் பழக்கிய கல்லில் தோசை எழும்பாது.

நம் துறைகளிலும் நகரத்து வாடகை நிறுவனங்களிலும் வண்டியை வாங்குபவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். ஓட்டுநர்களுள் தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் பலர். நான் கண்ட வண்டிகளில் எல்லாம் கைநூல் ஆங்கிலத்திலேயே இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் முன்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அண்மையில் ஒரு பட்டறையில், புது வண்டியைக் கொண்டுவந்த வயதான ஓட்டுநரிடம், "அண்ணா, ஒரு மாசத்துக்கு நாற்பதைத் தாண்டாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்களா என்பது ஐயமே. முந்நூறு பக்க நூல் முழுவதையும் எல்லா மொழிகளிலும் அச்சிடுங்கள் என்று வற்புறுத்துவது இன்று நடவாத காரியமாகத் தோன்றலாம். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு உரிய பக்கத்தையும், கடினப் பயன்பாட்டு அட்டவணையையும் ஓட்டுநரின் மொழியில் ஒரே தாளில் தருவது பெருஞ்செலவன்று. விற்பனை நிலையத்தார் தராவிடில், வண்டியைப் பெற்றுக்கொள்ளும் அலுவலகமே அதனைச் செய்துகொள்ளலாம். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உதவினால் ஒரு மாலை நேரத்து வேலை.

அந்தத் தாளோடு வண்டியின் குறிப்பேட்டில் புதிதாக ஒரு பத்தியும் வரைந்துகொள்ளுதல் நலம். வாரம் ஒரு முறை, காலையில், சமதரையில் நின்ற வண்டியின் எண்ணெய் அளவுக்கோலை எடுத்துத் துடைத்து மறுபடி செருகிப் பார்த்து, எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கின்றது என்பதை எழுத வேண்டும். அவ்வாரம் ஓடிய கிலோமீட்டரோடு ஓடிய மணி நேரத்தையும் எழுத வேண்டும். பல புது வண்டிகளில் எஞ்சின் ஓடிய நேரத்தையோ சராசரி வேகத்தையோ முன்பலகையே காட்டுகின்றது. முதலில் சற்றுக் குறையும் எண்ணெய் பின்னர் ஒரே நிலையில் நின்றால் வளையங்கள் பதிந்துவிட்டன. இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குப் பின்னும் குறைந்துகொண்டே வந்தால், உத்தரவாதக் காலம் முடியுமுன் அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லலாம்.